சுருதிப் பெட்டி தொலைந்த இரவு: பெங்களூரில் நடக்கும் பதின்பருவக் காதல் நகைச்சுவையை எழுதுவது எப்படி

நான் எழுதிய முதல் திரைக்கதையில் பதினேழு வயதுப் பையனும் பெண்ணும் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பப்பில் சந்தித்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தது, வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்திருந்தது. அல்சூரில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அப்போது அதே வயது என்பதால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "மாமா, கேட்லயே ஆதார் கேப்பாங்களே, இவங்க எப்படி உள்ள போனாங்க?" என்று கேட்டாள். கர்நாடகத்தில் மதுக்கூடங்கள் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது பரிமாறுவதில்லை. இசை நிகழ்ச்சி நடக்கும் இரவுகளில் பல இடங்களில் வாசலைத் தாண்டவே விடுவதில்லை. நான் எழுதியிருந்தது இருபத்தைந்து வயதுக்காரர்களின் கதை. வயதை மட்டும் குறைத்துப் போட்டிருந்தேன்.

இந்த வகைக் கதையை எழுதும் முறை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பெங்களூரின் இரவு பெரியவர்களுக்கு மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும். பதின்பருவத்தினருக்கோ கதவு கதவாக மூடிக்கொண்டே வரும். எந்தக் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டால், சிரிப்புக்கும் நெருக்கத்துக்கும் வேண்டிய சூழ்நிலைகளில் பாதியை நகரமே எழுதிக் கொடுத்துவிடும்.

கடிகாரம் முதலில், காதலர்கள் பிறகு

ஒரு தாளை எடுத்து மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கிகள் நிற்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அவற்றுக்குத் தடை உண்டு, ஆகவே மைதானக் கச்சேரி எதுவாக இருந்தாலும் அதற்குள் மங்களம் பாடியாக வேண்டும். அதே 10 மணிக்கு ஆட்டோ மீட்டர் ஒன்றரை மடங்காகிறது. நம்ம மெட்ரோவின் கடைசி வண்டிகள் 11 மணி வாக்கில் முனையங்களை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. பின்னிரவு 1 மணிக்கு உணவகங்களும் மதுக்கூடங்களும் மூடுகின்றன. அதன் பிறகு விடியும்வரை தெருவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இந்தத் தாளில் பணத்தையும் எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் பெங்களூரில் ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். இரவில் அது 54, 27 என்றாகிறது. கதாநாயகனின் சட்டைப்பையில் 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பகலில் ஐந்து கிலோமீட்டர் தாராளமாகப் போகும் அந்தப் பணம் இரவில் மூன்று கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஓட்டுநர் மீட்டர் போட ஒப்புக்கொண்டால்தான் அதுவும். "ஒன் அண்ட் ஹாஃப் ஆகுத்தெ" என்று அவர் சொல்லும்போது இருவரும் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் இறங்க எத்தனிப்பது, பக்கம் பக்கமாக எழுதும் கிண்டல் வசனத்தைவிட நன்றாகச் சிரிக்க வைக்கும்.

கதாநாயகனுக்குத் தயவுசெய்து பைக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குள் கியர் வண்டி ஓட்டும் உரிமம் கிடையாது என்பதும், 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்பதும் ஒரு காரணம். பைக் இருந்தால் கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். நடக்கிறவர்கள்தான் பேசிக்கொள்வார்கள்.

எந்த இரவு?

ஏதோ ஒரு சனிக்கிழமை இரவு என்று எழுதினால் எங்கும் நடக்கக்கூடிய கதைதான் கிடைக்கும். பெங்களூருக்கே உரிய ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். என் இரண்டாம் வரைவுக்கு நான் எடுத்துக்கொண்டது கரக இரவு.

சித்திரைப் பௌர்ணமியன்று, நள்ளிரவுக்குப் பிறகு, திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. கன்னடக் கணக்கில் அது சைத்திரப் பௌர்ணமி என்பதால், நம் சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்னதாகவும் வரலாம். பெண் வேடமிட்ட ஒருவர் மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் சுமந்து வர, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வர, ஊர்வலம் பழைய பேட்டைத் தெருக்களைச் சுற்றி, காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டு, விடிந்த பிறகே கோயிலுக்குத் திரும்புகிறது. வயது கேட்காமல், நுழைவுச்சீட்டு கேட்காமல் நகரம் முழுவதையும் விழித்திருக்க விடும் இரவு இது. இந்த விழாவை நடத்தும் திகளர் சமூகத்தவரில் பலர் வீட்டில் பேசும் பேச்சில் தமிழ் கலந்திருப்பதை நம் காதால் கேட்கலாம் என்பது தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் கூடுதல் வசதி. ஒரே ஓர் எச்சரிக்கை: இது வழிபாடு. சிரிப்பு முழுவதும் உங்கள் பிள்ளைகள் மேல் விழட்டும். கரகத்தின் மேலோ அதைச் சுமப்பவர் மேலோ ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது.

நாட்காட்டியைப் பார்த்தபோது எனக்கு வேறு சில லாபங்களும் கிடைத்தன. கரகத்துக்கு ஆறு நாள் முன்னதாக ராமநவமி. சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் ராமநவமி இசை விழா ஏறத்தாழ ஒரு மாதம் நீள்வதால், கரக நாளின் மாலையிலும் அங்கே பந்தலில் கச்சேரி இருக்கும். அந்த மைதானத்திலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான், நடுவில் கே.ஆர். மார்க்கெட், விடியுமுன்பே திறந்துவிடும் பூச்சந்தையோடு. ஈஸ்டரும் பௌர்ணமியை வைத்தே கணக்கிடப்படுவதால் பல ஆண்டுகளில் புனித வாரம் இதே நாட்களை ஒட்டி வருகிறது. பி.யு.சி. இரண்டாம் ஆண்டுத் தேர்வு (நம் பிளஸ் டூ) முடிந்து, தொழிற்கல்விக்கான சி.இ.டி. நுழைவுத் தேர்வு தலைக்கு மேல் தொங்குகிற காலமும் வழக்கமாக இதுதான். பதினேழு வயதில் சுதந்திரமும் பயமும் ஒரே வாரத்தில் வந்து நிற்பது ஆண்டில் இந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

தேடுவதற்கு ஒரு பொருள்

முன்பின் தெரியாத இருவரை ஓர் இரவு முழுவதும் சேர்த்து நடக்க வைக்க, ஈர்ப்பு மட்டும் போதாது. ஈர்ப்பு உள்ளவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குப் போக முடியாதபடி ஒரு வேலை வேண்டும். அந்த வேலை இசையோடு தொடர்புடையதாக இருந்தால், பாட்டு வெறும் பின்னணியாகப் போய்விடாது.

என் கதையில் நிவேதா வாய்ப்பாட்டு கற்கிறவள். கச்சேரியில் பாடும் தன் ஆசிரியைக்குப் பின்னால் உட்கார்ந்து துணைக்குப் பாடுகிறாள். டேனியல் ஆஸ்டின் டவுன் பையன். மாதாகோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவன், கைச்செலவுக்காக ஒரு மைக் செட்காரரிடம் ஒயர் சுற்றும் வேலைக்கு வருகிறவன். ஈஸ்டர் பயிற்சி முடிந்து நேரே வேலைக்கு வந்ததால் கிட்டார் அவன் முதுகிலேயே இருக்கிறது. கச்சேரி முடிந்து அவசர அவசரமாகப் பொருள்களைக் கட்டும்போது, பாடுகிறவருக்கு ஆதார சுரத்தை விடாமல் ஒலித்துக்கொடுக்கும் ஆசிரியையின் சுருதிப் பெட்டி, மைக் பெட்டிகளோடு சேர்ந்து லக்கேஜ் ஆட்டோவில் ஏறிப் போய்விடுகிறது. மறுநாள் காலை ஆறு மணி வகுப்புக்குள் அது திரும்பி வர வேண்டும். மைக் செட்காரருக்கு அன்றிரவு இன்னொரு வேலை: ஊர்வலம் போகும் தெரு ஒன்றில் சீரியல் விளக்கு கட்டுவது. எந்தத் தெரு என்பது மட்டும் தெரியாது.

கைப்பேசியில் கேட்டுக்கொள்ளலாமே என்று வாசகர் கேட்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிட வேண்டும். இந்த வகைக் கதைக்குக் கைப்பேசிதான் முதல் எதிரி. பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது எல்லோரும் எடுத்துத் தேய்ந்துபோன வழி. சி.இ.டி. முடியும்வரை நிவேதாவின் அப்பா அவளுடைய கைப்பேசியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். டேனியலிடம் இருக்கிறது, ஆனால் தவிலும் கூட்டமும் சூழ்ந்த தெருவில் முதலாளிக்கு மணியடிப்பது கேட்கவில்லை. இரண்டுமே அந்தந்த மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து வருகிற காரணங்கள் என்பதால் நம்ப முடிகிறது.

அடுத்த கேள்வி அதைவிடக் கடினமானது. நம் வீடுகளில் பதினேழு வயதுப் பெண்ணை இரவு இரண்டு மணிக்கு யார் தெருவில் விடுவார்கள்? பொய் சொல்லிவிட்டு வந்தாள் என்று எழுதினால், பொய் வெளிப்படும் காட்சியை எழுத வேண்டும். அதன் பிறகு கதை அப்பாவின் கோபத்தைப் பற்றியதாகிவிடும். நான் பாட்டியைக் கூடவே அனுப்பினேன். கச்சேரிக்குத் துணையாக வந்த பாட்டி நகரத்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி அல்சூருக்குப் போன பிறகு நாற்பது ஆண்டுகளாகக் கரகம் பார்க்காதவர். சுருதிப் பெட்டி அவருக்கு ஒரு சாக்கு. அவர் மெதுவாக நடப்பார், நீர்மோர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் உட்காருவார், சிறுவயதுத் தோழியின் வீட்டைத் தேடுவார். உட்காரும் இடத்தில் எல்லாம், "அந்த முக்கு வரைக்கும் போயி பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்பார். காதலர்களுக்குக் கிடைப்பது இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகள்தான். ஒவ்வொரு துண்டிலும் ஓர் அடி முன்னேறி, பாட்டியிடம் திரும்பும்போது அரை அடி பின்வாங்கினால், காட்சிகளின் ஏற்ற இறக்கம் தானாக அமைந்துவிடும். அவர்களுக்கிடையே கைபிடிப்பதற்கு மேல் எதுவும் நடக்க வேண்டியதில்லை. பதினேழு வயதுக்காரர்களின் கதையில் அதற்கு மேல் எழுதுவது முறையும் அன்று.

காதைப் பயன்படுத்துங்கள்

இசையைப் பற்றிய கதைகளில் நான் அடிக்கடி காணும் குறை, பாத்திரங்கள் இசையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் எதையும் கேட்க மாட்டார்கள் என்பது. ஒவ்வொரு முக்கியக் காட்சியிலும் யாராவது ஒருவர் எதையாவது கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சுருதிப் பெட்டி அதற்கு வாகான பொருள். அணைக்க மறந்துவிட்டால் பேட்டரி தீரும்வரை உறைக்குள் இருந்தபடியே ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே அவர்கள் தெருத் தெருவாக அதைக் காதால் தேடலாம். ஊர்வலம் நெருங்கும்போது ஒன்றும் கேட்காது, நகர்ந்த பிறகு கேட்கும். மூடிய கடை ஒன்றின் குளிர்பெட்டியிலிருந்து வரும் இரைச்சலை அதுதான் என்று நினைத்து, இருவரும் இரும்பு ஷட்டரில் காதை ஒட்டவைத்து நிற்கும் காட்சியில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

நெருக்கமான காட்சிக்குத் தொழில் விவரம் எப்படி உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே தருகிறேன். பின்னிரவு மூன்று மணி. பெட்டி கிடைக்கவில்லை. பாட்டி ஒரு திண்ணையில் தூங்கிவிட்டார். தேடுவதற்கு அந்தச் சுருதி காதில் நிற்க வேண்டும், இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு நிவேதாவுக்கு அது கலைந்துவிட்டது. டேனியல் கிட்டாரை எடுக்கிறான்.

"உன் சுருதி என்ன?"

"அஞ்சரை."

"அஞ்சரையா? மணி இப்பத்தான் மூணு ஆவுது."

"டைம் இல்ல. கட்டை. அஞ்சரைக் கட்டை."

"கட்டைன்னா?"

"உனக்குத் தெரியாதா? அப்ப நீ என்னத்த மைக் செட்டு?"

அவன் ஒவ்வொரு சுரமாக மீட்டிக்கொண்டு வருகிறான். ஜி-யில் அவள் கையை உயர்த்துகிறாள்: இன்னும் கொஞ்சம் மேலே. அவன் கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டியிருந்த கேப்போவை, தந்திகளை அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னக் கவ்வியை, கழற்றி முதல் கட்டத்தில் மாட்டி மறுபடியும் மீட்டுகிறான். அவள் பதில் சொல்லவில்லை; கண்ணை மூடி "ஸா" என்று பிடிக்கிறாள்.

இதை எழுத எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டுதான். கர்நாடக இசையில் ஒரு கட்டை என்பது மேற்கத்திய சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை என்பது அதற்கு அரைச் சுரம் மேலே உள்ள ஜி ஷார்ப். கிட்டாரில் கேப்போவை முதல் கட்டத்தில் மாட்டினால் எல்லாம் அரைச் சுரம் ஏறும். சுருதி சேர்வது மனம் சேர்வதற்கு உவமை என்பதை வாசகர் தாமாகவே கண்டுகொள்வார். பாத்திரங்களில் எவராவது அதை வாய்விட்டுச் சொன்னால் அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் மூன்று வரிகளை அடித்தேன்.

இதே காட்சியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. அதுவரை "நீங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இங்கே "நீ"க்கு வந்துவிட்டார்கள். தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி இது. இந்த மாற்றம் நிகழும் வரியை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று திட்டமிட்டு வையுங்கள், தற்செயலாக நழுவ விடாதீர்கள். பெங்களூரில் அதற்கும் முந்திய படி ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவர்கள் இங்கே கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் பேச்சைத் தொடங்குவார்கள். என் கதையிலும் முதல் இருபது நிமிடம் இருவரும் கன்னடத்தில்தான் பேசுகிறார்கள். கால்வாய்ப் பலகை தடுக்கியபோது நிவேதா "ஐயோ, சனியனே" என்று முனகுகிறாள், டேனியல் நின்று திரும்பிப் பார்க்கிறான். கன்னடம் பேசுகிறவர்களைக் கோமாளிகளாகவோ முரடர்களாகவோ காட்டும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சீரியல் விளக்கு எந்தத் தெருவில் என்று கடைசியில் சரியாகச் சொல்லி அனுப்புவது என் கதையில் அந்த ஆட்டோ ஓட்டுநர்தான்.

பாட்டுக்கு யார் காசு கொடுப்பது?

புதிதாக எழுதுகிறவர்கள் திரைக்கதையில் புகழ்பெற்ற திரைப்பாடல்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிடுகிறார்கள். படமாக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பாடல் உரிமை தனி, ஒலிப்பதிவு உரிமை தனி. சில விநாடிகள் மட்டும் பயன்படுத்தினால் அனுமதி தேவையில்லை என்று பரவலாகச் சொல்லப்படுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இந்தியாவில் ஒரு பாடலின் பதிப்புரிமை அதை ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை இருக்கிறது.

அதனால்தான் அந்தப் பின்னிரவுக் காட்சிக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். 1835-இல் மறைந்த தீட்சிதர், தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் எழுதியவை அவை. பாட்டு வகுப்பில் சிறுவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். சங்கராபரணத்தின் சுரங்கள் மேற்கத்திய மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போவதால், பாடற்குழுவில் மூன்று கார்டு (சுரக்கூட்டு) வாசிக்கத் தெரிந்த பையனே அதற்குப் பக்கவாத்தியம் வாசித்துவிடலாம். பெரிய கீர்த்தனைகள் பாடக்கூடிய நிவேதா, சின்ன வயதுப் பாட்டைப் பாட நேர்ந்ததில் கூச்சப்படுகிறாள்; அவனோ இவ்வளவு பழைய பாட்டு தன் மாதாகோயில் மெட்டுப்போல இருப்பதை நம்ப மாட்டேன் என்கிறான். ஒன்றை நினைவில் வையுங்கள்: பாடல் பொதுச்சொத்து என்பதால் யாரோ பாடி வெளியிட்ட ஒலிப்பதிவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. நீங்களே பாட வைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

முடிக்கும் இடம்

காதலைச் சொல்லும் காட்சியை முதல் வரைவில் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை முன்னால் வைத்திருந்தேன். பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. சொல்லத் தயங்கும் பையனை அதன் முன்னால் நிறுத்துவது எனக்கு மிகவும் சாமர்த்தியமாகத் தெரிந்தது. மறுவாசிப்பில் அந்தச் சாமர்த்தியம்தான் உறுத்தியது. காட்சியில் இருவரும் இல்லை, நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது கதை கே.ஆர். மார்க்கெட்டில் முடிகிறது. ஐந்து மணி தாண்டிவிட்டதால் ஆட்டோ மீட்டர் பழைய கட்டணத்துக்கு வந்துவிட்டது. பூ மூட்டைகள் இறங்குகின்றன. பாட்டி ஒரு முழம் மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். பெட்டி கிடைத்துவிட்டது, பேட்டரி தீர்ந்து ஊமையாகிவிட்டது. ஆறு மணி வகுப்புக்கு ஓட வேண்டும் என்பதால் இருவருக்கும் முறையாக விடைபெறக்கூட நேரமில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியின் உறையைத் திறந்து பார்க்கும் நிவேதாவின் கையில் டேனியலின் கேப்போ வந்து சிக்குகிறது. அவன் வைத்தானா, அவசரத்தில் விழுந்ததா என்று நான் எழுதவில்லை. அடுத்த நாள் ஈஸ்டர் பயிற்சிக்கு அவனுக்கு அது தேவைப்படும் என்பது மட்டும் முன்பே ஒரு வசனத்தில் வந்திருக்கிறது.

இரண்டாம் வரைவை அக்கா மகளிடம் கொடுத்தபோது கடைசிப் பக்கம் வரை படித்தாள். "பாட்டி பேரம் பேசுறது சரி மாமா, ஆனா கரகத்துக்கு மறுநாள் மல்லிகை அந்த விலைக்கு யார் தருவா?" என்றாள். விலையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.